86 கட்லஸ் குவாட்ராஜெட்: உள்ளார இருக்கிற டிபிஎஸ் (த்ராட்டில் பொசிஷன் சென்சார்) மாத்தணும், எது வாங்கறது?

கட்லஸ்86 (ஃப்ரீமாண்ட், கலிஃபோர்னியா)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கோங்க.

போன வருஷம் எங்க தெருவுல ஒரு பாட்டிம்மாகிட்ட இருந்து 1986 ஓல்ட்ஸ்மொபீல் கட்லஸ் சுப்ரீம் வாங்கினேன். 307 வி8 எஞ்சின், 4 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், பாடி சும்மா தகதகன்னு இருக்கு, கராஜ்லயே கெடந்த வண்டி. கார்பரேட்டர் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட், ஆனா சாதா குவாட்ராஜெட் இல்ல, கம்ப்யூட்டர் சொல்ற பேச்சு கேக்கற ரகம்.

பிரச்சனை என்னன்னா, 45 மைல் ஸ்பீடுல காலை ஆட்டாம அசைக்காம வச்சிருந்தாக்கூட வண்டி இழுக்குது, விடுது, இழுக்குது, விடுது. பின்னாடி உக்காந்த என் பொண்ணு "அப்பா ஒழுங்கா ஓட்டு"ங்கறா. சிக்னல்ல இருந்து கெளம்பும்போது மிதிச்சா ஒரு செகண்டு மூச்ச புடிச்சிட்டு நின்னு அப்புறம்தான் பாயுது. ஒரு டிரான்ஸ்மிஷன் கடைல காட்டினேன், ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு கியர்பாக்ஸ் மொத்தமா பிரிக்கணும்னு வண்டி வாங்கின விலைக்கு மேல ஒரு தொகை சொல்றார். கும்பிடு போட்டு வந்துட்டேன்.

செக் எஞ்சின் லைட்டு எப்பவாவது வந்துட்டு போகும். டேஷ்போர்டுக்கு கீழ இருக்கிற 12 ஓட்டை கனெக்டர்ல ஏ, பி ரெண்டையும் பேப்பர் கிளிப்ல சேத்து சாவியை ஆன்ல வச்சேன், அந்த லைட்டு மொதல்ல 12ங்கற கோடை கண்ணடிச்சு காட்டுச்சு, அப்புறம் 21. 21னா த்ராட்டில் பொசிஷன் சென்சார்னு (டிபிஎஸ், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதிச்சிருக்கோம்னு கம்ப்யூட்டருக்கு சொல்றது) படிச்சேன்.

இப்ப கேள்வி:

ஆன்லைன்ல புது டிபிஎஸ் 35 டாலருக்கும் இருக்கு, "பழைய ஸ்டாக், பிரிக்காத டப்பா"ன்னு 110 டாலருக்கும் இருக்கு. இன்னொருத்தர் ஜங்க்யார்ட்ல ஒரு முழு கார்பரேட்டரே 60க்கு தரேங்கறார். எதை எடுக்கட்டும்? இது கார்பரேட்டர் உள்ளார இருக்குன்றாங்களே, மேல்மூடியை கழட்டித்தான் ஆகணுமா? அப்புறம் ரெண்டு மாசத்துல ஸ்மாக் டெஸ்ட் (பொகை சோதனை) வேற, அதனால தயவு செஞ்சு விளையாட்டா பதில் சொல்லாதீங்க.

டெக்சாஸ்_பாண்டி

ப்ரோ நேரா விஷயத்துக்கு வரேன். அந்த கம்ப்யூட்டர், சென்சார், வயரு எல்லாத்தையும் அள்ளி குப்பைல போடு. கம்ப்யூட்டர் இல்லாத பழைய குவாட்ராஜெட் ஒண்ணு வாங்கி மாட்டு, வேலை முடிஞ்சுது. நான் என் 84 மான்ட்டி கார்லோல அதான் பண்ணேன், ஒரு சனிக்கிழமை வேலை. 80கள்ல ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ், ஓல்ட்ஸ்மொபீல் அவங்களுதுதான்) பண்ணின பாவத்துக்கு நீ ஏன் பரிகாரம் பண்ற 😂

மிச்சிகன்_ராமு

பாண்டி, அவரு இருக்கறது கலிஃபோர்னியா. உங்க டெக்சாஸ்ல 25 வருஷம் தாண்டின வண்டிக்கு எமிஷன் டெஸ்ட் கெடையாது, அங்க 1976லேர்ந்து வந்த பெட்ரோல் வண்டி எல்லாத்துக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருதரம் உண்டு. அதுவும் வெறும் பொகைய மட்டும் பாக்க மாட்டான், பானட்டை தொறந்து கம்பெனி குடுத்த சாமான் எல்லாம் அதது எடத்துல இருக்கான்னும் பாப்பான். கம்ப்யூட்டர் கார்ப் போச்சுன்னா அங்கயே ஃபெயில்.

இன்னொண்ணு, கார்பை மட்டும் மாத்தினா வேலை முடியாது. இந்த வண்டில பிளக்குக்கு ஸ்பார்க் பிரிச்சு குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர்லயும் டைமிங்கை தானா நகத்தற வேக்குவம் அட்வான்ஸ் கெடையாது, வெயிட்டும் கெடையாது, டைமிங் மொத்தமும் கம்ப்யூட்டர் கைல. அதையும் சேத்து மாத்தினாதான் ஓடும். நீங்க மாத்தியிருப்பீங்க, சொல்ல மறந்துட்டீங்க.

கட்லஸ்86, உங்க விஷயத்துக்கு வரேன். எனக்கு தொழில் சாஃப்ட்வேர்தான், ஆனா கராஜ்ல இதே காலத்து ஜிஎம் வண்டி ரெண்டு வச்சிருக்கேன், அதனால இதுல பட்ட அடி நெறைய. மொதல் விஷயம், காசை எடுத்து உள்ள வைங்க. அளக்காம எந்த சென்சாரும் வாங்காதீங்க.

அந்த 21 கோடு என்ன சொல்லுதுன்னு மொதல்ல புரிஞ்சுக்கணும். நெறைய பேர் "21 வந்துச்சு, அப்ப டிபிஎஸ் போச்சு"ன்னு நேரா ஆர்டர் போட்டுடறாங்க. அது சொல்றது "நீ காலே வைக்கல, ஆனா எனக்கு வர்ற வோல்டேஜ் ரொம்ப உசரத்துல நிக்குது"ங்கற புகார். சென்சாருக்கு மூணு வயர். சாம்பல் கலர்ல 5 வோல்ட் போகும், கருப்பு கிரவுண்ட், கருநீலம்தான் கம்ப்யூட்டருக்கு திரும்பி போற சிக்னல். இதுல கருப்பு வயர் எங்கயாவது தொடர்பு விட்டா சிக்னல் வயர்ல அப்படியே 5 வோல்ட்டும் ஏறி நிக்கும். சென்சார் தங்கமா இருந்தாலும் 21 வரும். அதனால மொத சந்தேகம் கருப்பு வயரும் கனெக்டரும்.

சென்சாரே தேஞ்சு போறது வேற கதை. உள்ள இருக்கறது ஒரு கார்பன் பட்டை, அது மேல ஒரு சின்ன முள் போய் வரும், பழைய ரேடியோ வால்யூம் மாதிரியேதான். பாட்டிம்மா 30 வருஷமா வண்டியை மெதுவா 40, 45ல ஓட்டியிருப்பாங்க, அப்ப முள் எப்பவும் பட்டைல ஒரே எடத்துலதான் ஒரசிட்டு இருந்திருக்கும். அந்த எடம் மட்டும் தேஞ்சிடும். முழுசா மிதிச்சா ஒரு குறையும் தெரியாது, கால்வாசி மிதில மட்டும் வோல்டேஜ் திடீர்னு கீழ விழுந்து எழும். நொடி நேர விழுகைக்கெல்லாம் கம்ப்யூட்டர் கோடு போடாது, ஆனா அதை உண்மைன்னு நம்பிடும். இவரு காலை எடுத்துட்டாருன்னு நெனச்சு டார்க் கன்வர்ட்டர் லாக்கை (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேரா பூட்டி வைக்கறது) விட்டுடும், அடுத்த நொடி வோல்டேஜ் திரும்ப வந்ததும் லாக் போடும். உங்க பொண்ணுக்கு கழுத்து வலிக்கிற அந்த இழுவை இதுதான்னு என் ஊகம். கியர்பாக்ஸ் கடைக்காரர் பொய் சொல்லல, அவருக்கு தெரிஞ்சது கியர்பாக்ஸ்.

இதை சோதிக்க காசே வேணாம். 45ல இழுத்து விடும்போது இடது காலால பிரேக் பெடலை லேசா தொடுங்க, பிரேக் பிடிக்க வேணாம், பின்னாடி லைட் எரியற அளவுக்கு போதும். பிரேக் ஸ்விட்ச் லாக்கை வெட்டி விட்டுடும். அப்ப ஆட்டம் நின்னுச்சுன்னா ஆடறது லாக்கப்புதான். பின்னாடி வண்டி இல்லாத ரோடா பாத்து பண்ணுங்க சாமி.

அடுத்து டிஜிட்டல் மல்டிமீட்டர் வச்சு, கனெக்டரை கழட்டாம பின்பக்கமா ஊசி சொருகி, சாவி ஆன், எஞ்சின் ஆஃப்ல கருநீலத்துக்கும் கருப்புக்கும் நடுவுல அளங்க. ஐடில்ல (கால் வைக்காத நிலை) 0.4லேர்ந்து 0.5 வோல்ட்டுக்குள்ள எங்கயாவது இருக்கணும், உங்க எஞ்சினுக்கு சரியான நம்பர் சர்வீஸ் மேனுவல்ல இருக்கும். முழுசா மிதிச்சா 4க்கு மேல. நடுவுல நத்தை மாதிரி மெதுவா அழுத்திகிட்டே போங்க. ஊசி மீட்டர் இருந்தா இந்த ஒரு வேலைக்கு அதையும் போட்டுப் பாருங்க. டிஜிட்டல் மீட்டர் நெதானமா நம்பர் மாத்தும், அதுக்குள்ள விழுந்து எழுந்துடும், ஊசின்னா துள்ளிக் காட்டிடும்.

அளந்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் எதை வாங்கறதுன்னு பேசலாம்.

கட்லஸ்86

ராமு சார் ரொம்ப நன்றி. நேத்து சாயந்தரம் ஆபீஸ் விட்டு வந்ததும் உக்காந்துட்டேன்.

பிரேக் டெஸ்ட் பண்ணேன், நீங்க சொன்ன மாதிரியே பெடலை தொட்டதும் ஆட்டம் கப்புனு நின்னுடுச்சு! கியர்பாக்ஸ் கடைக்காரர் சொன்ன தொகையை நெனச்சு ஒரு நிமிஷம் ரோட்டோரமா நிறுத்தி சிரிச்சேன்.

கருப்பு வயர் கதையும் சரி. கனெக்டரை பிரிச்சா அந்த ஒரு பின் மட்டும் பச்சை பூத்து போய் இருக்கு, வயரை லேசா ஆட்டினா மீட்டர்ல 5 வோல்ட் போய் போய் வருது. சுத்தம் பண்ணி பின்னை கொஞ்சம் இறுக்கி விட்டேன், இப்ப ஆட்டினாலும் அசையல. கோடை அழிச்சுட்டேன்.

ஆனா இப்ப புது குழப்பம். ஐடில்ல 0.82 வருது. 0.4, 0.5ன்னீங்களே? அப்ப சென்சார் போச்சா, இல்ல யாராவது அட்ஜஸ்ட்மெண்டை திருப்பி வச்சிருக்காங்களா? ஊசி மீட்டர் இன்னும் கெடைக்கல.

ஸ்காபரோ_அண்ணை

தம்பி, உதில கை வைக்க முதல் கொஞ்சம் பொறுங்கோ. என்னட்டை 89 காடிலாக் புரோம் நிக்குது, அதே 307 எஞ்சின், அதே கார்பரேட்டர். நானும் முதல் முதல் அளக்கேக்க இப்பிடித்தான் கூடக் காட்டினது, நான் அவசரப்பட்டு டிபிஎஸ் ஸ்குருவைத் திருகிப்போட்டுப் பிறகு ரெண்டு மாசம் மாரடிச்சனான்.

விசயம் என்னெண்டா, 307ல கார்பரேட்டருக்குப் பக்கத்தில உருண்டையா ஒரு டயஃப்ரம் கிடக்கு பாத்தனீங்களோ? ஐடில் லோட் கொம்பென்சேட்டர் எண்டு சொல்லுறது. எஞ்சின் ஓடேக்க வேக்குவம் அதை உள்ளுக்கு இழுத்து வச்சிருக்கும். எஞ்சின் நிண்டு வேக்குவம் இல்லாமப் போனா அதின்ர தண்டு வெளியில நீண்டு த்ராட்டிலைக் கொஞ்சம் தள்ளித் திறந்துபோடும். அப்ப நீங்கள் அளக்கிறது ஐடில் இல்லை, கொஞ்சம் மிதிச்ச நிலை. 0.82 என்ன, இன்னும் கூடவும் காட்டும்.

கையால அடிக்கிற வேக்குவம் பம்ப் ஒண்டு இரவல் வாங்குங்கோ, அங்க பாட்ஸ் கடையள்ல முற்பணம் வாங்கிக்கொண்டு இரவல் குடுப்பாங்கள். அந்த டயஃப்ரத்துக்குக் குடுத்து 20 இஞ்சி பாதரச அளவுக்கு இழுத்து, தண்டு முழுக்க உள்ளுக்குப் போனாப் பிறகு அளவுங்கோ. எஞ்சின் சூடா இருக்கவேணும், குளிரில கிடந்த வண்டியெண்டா சோக்கின்ர ஃபாஸ்ட் ஐடில் படியும் த்ராட்டிலைப் பிடிச்சுக்கொண்டிருக்கும், ஒருக்கா மிதிச்சு விட்டுப்போட்டுப் பாருங்கோ.

எங்கட ஒன்ராறியோவில டிரைவ் கிளீன் எண்ட புகைச் சோதனையை 2019ல நிப்பாட்டியாச்சு, எண்டாலும் நான் என்ர கம்ப்யூட்டரைக் கழட்டேல்லை. ஒழுங்கா இருந்தா நல்ல சாமான்தான் உது.

கட்லஸ்86

அண்ணே நீங்க தெய்வம். பம்ப் வச்சு இழுத்ததும் 0.82 அப்படியே இறங்கி 0.49ல வந்து நின்னுடுச்சு. நேத்து ராத்திரி டிரில் எடுத்துட்டு அந்த ஸ்க்ரூ மேல இருக்கிற அலுமினிய மூடியை தோண்டப் போயிட்டேன், மனைவி சாப்பிட கூப்பிட்டதால தப்பிச்சேன்.

ஆபீஸ்ல ஒரு சீன நண்பர்கிட்ட ஊசி மீட்டர் இருந்துச்சு. மெதுவா அழுத்திகிட்டே போனேன், 0.5, 0.6, 0.7, எல்லாம் வழவழன்னு ஏறுது. 0.9 தாண்டினதும் ஊசி செத்த மாதிரி பொத்துனு கீழ விழுந்து திரும்ப எழுந்து 1.1ல நிக்குது. பத்து தடவை பண்ணேன், பத்து தடவையும் அதே எடம். வீடியோ எடுத்து வச்சிருக்கேன்.

ஆக, ரெண்டு வியாதி. கோடு போட்டது கருப்பு வயர், ஆட்டம் போட்டது தேஞ்ச பட்டை. சரிதானே?

மிச்சிகன்_ராமு

சரியா புடிச்சீங்க. வயரை மட்டும் சரி பண்ணியிருந்தா கோடு போயிருக்கும், ஆட்டம் இருந்திருக்கும், சென்சார்ல பிரச்சனை இல்லன்னு நெனச்சு கியர்பாக்ஸை பிரிச்சிருப்பீங்க. இப்ப சென்சார் வாங்கலாம், தாராளமா.

எது வாங்கறதுன்னா, மொதல்ல உங்க கார்பரேட்டர் நம்பரை எடுங்க. டிரைவர் பக்கம், பின்பக்கத்து த்ராட்டில் லிவர் பக்கத்துல, ஃப்ளோட் பௌல் (கார்ப்ல பெட்ரோல் நிக்கற கிண்ணம்) சுவத்துல செங்குத்தா குத்தியிருக்கும், 17ல ஆரம்பிக்கிற 8 இலக்க நம்பர். 86ம் வருஷத்து கார்ப்னா 17086ன்னு தொடங்கும். 17084ன்னோ வேற எதாவதோ இருந்தா யாரோ நடுவுல கார்ப் மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். சென்சாரை கார் பேரை வச்சு தேடாதீங்க, இந்த நம்பரை வச்சு தேடுங்க. பாக்க ஒரே மாதிரி இருக்கும், பிளஞ்சர் (சென்சார் தலைல அழுந்தற தண்டு) நீளம் ஒண்ணுக்கொண்ணு மாறும், கனெக்டர் வயர் நீளமும் மாறும். தப்பானது உள்ள போயிடும், ஆனா ஸ்க்ரூவை எவ்வளவு திருப்பினாலும் வோல்டேஜ் வராது.

ஜங்க்யார்ட் கார்ப் வேணாம். அதுல இருக்கற சென்சாரும் உங்களுது மாதிரியே பல வருஷம் உழைச்சதுதான், அதே எடத்துலதான் தேஞ்சிருக்கும். உதிரி ஸ்க்ரூ, லிவருக்கு வேணா வச்சுக்கலாம்.

புதுசா பழைய ஸ்டாக்கான்னா, நான் ரெண்டும் வாங்கியிருக்கேன். எல்லா புதுசும் மட்டம்னு சொல்ல மாட்டேன், ஆனா டப்பால இருந்து எடுத்து நேரா மாட்டறது மட்டும் கூடவே கூடாது, 110 டாலர் சரக்கா இருந்தாலும். மேசை மேல வச்சே பாத்துடலாம், ஓம் மீட்டரை நடு காலுக்கும் ஓரத்து காலுக்கும் குடுத்து பிளஞ்சரை விரல்ல மெதுவா அழுத்துங்க, குதிக்காம ஏறணும் இல்ல இறங்கணும், விட்டதும் டக்குனு மேல வந்துடணும். ஒரு பத்து தடவை. மேல வர்றதுக்கு யோசிச்சா அன்னிக்கே ரிட்டர்ன். உள்ள மாட்டி, மூடி போட்டு, கேஸ்கெட் ஒட்டி, பெட்ரோல் நெரப்பினதுக்கு அப்புறம் கண்டுபுடிச்சா அழுகைதான் வரும்.

மதுரை_எஃப்இசட்

சும்மா படிச்சிட்டு இருந்தேன், ஒரு சந்தேகம். என் யமஹா எஃப்இசட்16ம் கார்பரேட்டர் வண்டிதான், அதுலயும் கார்ப் பக்கவாட்டுல டிபிஎஸ்னு ஒண்ணு மூணு வயரோட இருக்கே, அதுவும் இதே கதைதானாண்ணே?

மிச்சிகன்_ராமு

அளக்கற முறை அதேதான் தம்பி, மூணு வயர், 5 வோல்ட் கதை. வேலை வேற. உங்க பைக்ல அது சொல்றதை வச்சு ஸ்பார்க் டைமிங்தான் மாறும், பெட்ரோல் அளவை கார்ப் தானா பாத்துக்கும். இந்த ஜிஎம் கார்ப்ல மிக்ஸ்சர் கன்ட்ரோல் சாலினாய்டுன்னு ஒண்ணு உள்ள உக்காந்து செகண்டுக்கு 10 தடவை டக்டக்குனு அடிச்சு பெட்ரோல் அளவை கூட்டி கொறைக்கற மீட்டரிங் ராடை ஏத்தி இறக்கும், எக்ஸாஸ்ட் குழாய்ல இருக்கற ஆக்சிஜன் சென்சார் சொல்றதை கேட்டு கம்ப்யூட்டர் அதை எவ்வளவு நேரம் அழுத்தறதுன்னு முடிவு பண்ணும். அப்புறம் உங்களுது வெளிய ரெண்டு ஸ்க்ரூல மாட்டியிருக்கு, அஞ்சு நிமிஷ வேலை. இது வயித்துக்குள்ள.

கோவை_பெரியவர்

வணக்கமுங்க. நான் குவைத்துல 19 வருசம் கேரேஜ்ல வேல பாத்தவன், இப்ப பேரன் பேத்தியோட கோவைல இருக்கறனுங்க. அங்க செவர்லே கேப்ரிஸ் வண்டி ஈசல் மாதிரி வரும், குவாட்ராஜெட் எத்தனை பிரிச்சு மாட்டினம்னு கணக்கே இல்லீங்க. ஆனா எங்க கைக்கு வந்தது ஒண்ணுலயும் கம்ப்யூட்டர் கெடையாதுங்க, அதனால அந்த வயர் சமாச்சாரம் எல்லாம் ராமு தம்பி சொன்னாப்டிதான். மூடி கழட்டறது மட்டும் நான் சொல்றேன், அது ரெண்டுலயும் ஒண்ணுதான்.

மூடிய பிடிச்சிருக்கற ஸ்க்ரூல வெளிய தெரியறத எல்லாம் கழட்டிப்போட்டு "வரமாட்டேங்குது"ன்னு ஸ்க்ரூடிரைவர் போட்டு நெம்புவாங்க பாருங்க, அப்பத்தான் மூடி வளஞ்சு போறது. ரெண்டு ஸ்க்ரூ சோக் தகட்டுக்கு அடில குழிக்குள்ள ஒளிஞ்சிருக்குமுங்க, டார்ச் அடிச்சு பாருங்க. அதைக் கழட்டறப்ப ஒரு துணிய முன்னாடி வாய்ல அடச்சிருங்க, ஸ்க்ரூ உள்ள உளுந்தா எஞ்சினுக்குத்தான் போகும்.

மிதிச்சா பெட்ரோல் பீச்சற பம்ப்போட லிவர் பின்ன முழுசா வெளிய எடுக்க வேணாம், சின்ன ஆணியில தட்டி லிவர் கழலற அளவுக்கு உள்ள தள்ளினாப் போதும். பின்பக்க மீட்டரிங் ராட் ரெண்டும் ஒரு ஹேங்கர்ல தொங்கும், மேல ஒரே ஒரு ஸ்க்ரூதான், அத மொதல்ல கழட்டி மொத்தமா தூக்கீருங்க. மூடிய நேரா மேல தூக்கோணும், சாய்க்கக் கூடாது. மூடி அடில சின்னச் சின்னக் குழாய் தொங்கிட்டு இருக்கும், சாச்சா வளஞ்சிரும். வளஞ்சா அப்புறம் வண்டி எப்பவுமே ஒழுங்கா ஓடாதுங்க, காரணமும் பிடிபடாது.

அப்பறம் உங்க வண்டில மூடி வழியா ஒரு சின்ன குச்சி எறங்கி சென்சாரோட தலைய அழுத்தும்னு நெனைக்கறேன். பழைய பெட்ரோல் காஞ்சு பிசின் மாதிரி ஆயி அந்தக் குச்சி ஒட்டிக்கும். சென்சார மாத்தினாலும் குச்சி ஒட்டினா அதே வியாதிதான். அத கிளீனர் ஊத்தி வழுவழுன்னு போயி வர்றாப்டி பண்ணுங்க, அதோட சீலும் மாத்தீருங்க, கிட்லயே வரும். ஃப்ளோட்டயும் (பெட்ரோல் மட்டத்த பாத்துக்கற மிதவை) கையில எடுத்துப் பாருங்க, கருப்பு ஃப்ளோட் வருசக்கணக்கா பெட்ரோல்ல ஊறி கனமாயிரும். கனமாயிட்டா பெட்ரோல் மட்டம் ஏறி, வண்டி சும்மா சும்மா குடிக்கும். தெறந்தது தெறந்தாச்சு, பாத்துருங்க.

ஸ்காபரோ_அண்ணை

ஐயா சொன்னது அவ்வளவும் உண்மை. நான் ஒண்டு சேத்துச் சொல்லுறன். உள்ளுக்கை மிக்ஸர் சொலனாய்ட்டை ஒட்டி ஒரு ஸ்குரு கிடக்கும், அதைத் தொடவேண்டாம். அதுக்கு அளவுக்கருவி ஒண்டு இருக்கு, அது இல்லாமத் தொட்டா வண்டி முழுக்கக் குழம்பும். டிபிஎஸ் கழட்ட அதைத் தொட வேண்டிய தேவையே இல்லை. கேஸ்கெட்டை எடுக்க முதல் சொலனாய்ட் பிளஞ்சரை மட்டும் நேர மேல தூக்கி எடுங்கோ, இல்லாட்டிக் கேஸ்கெட் கிழிஞ்சுபோம். டிபிஎஸ்ஸை மேலால இழுக்காதேங்கோ, கனெக்டரைக் கீழ இருந்து விரலால தள்ள அது தானா எழும்பி வரும். அதுக்குக் கீழ ஒரு ஸ்பிரிங் கிடக்கும், அது பறந்து கராஜ் மூலையில விழுந்தா நீங்கள்தான் தேடவேணும், நான் ஒண்டரை மணித்தியாலம் தேடினனான்.

டெக்சாஸ்_பாண்டி

இத்தனை ஸ்டெப்பா. நான் சொன்னது சுலபம்னு இப்பயாச்சும் ஒத்துக்கோங்க 😄

சரி ஒண்ணு உருப்படியா சொல்றேன். மாட்டினதுக்கு அப்புறம் டுவெல் மீட்டர் வச்சு பாருங்க, கம்ப்யூட்டர் அந்த சாலினாய்டை எவ்வளவு நேரம் அழுத்துதுன்னு டிகிரில காட்டும். கார்ப் பக்கத்துல பச்சை கலர்ல ஒத்தை கனெக்டர் சும்மா தொங்கிட்டு இருக்கும், அதுக்குத்தான். வி8ஆ இருந்தாலும் மீட்டரை 6 சிலிண்டர்ல வைக்கணும், இது நெறைய பேருக்கு தெரியாது. எஞ்சின் நல்லா சூடானதும் 30 டிகிரிய சுத்தி ஆடிட்டே இருந்தா கம்ப்யூட்டர் சந்தோஷமா இருக்குன்னு அர்த்தம். 50க்கு மேல போய் ஒட்டிக்கிட்டா பெட்ரோல் கூட போகுது, கம்ப்யூட்டர் கொறைக்கப் பாக்குது. 10க்கு கீழன்னா எங்கயோ காத்து இழுக்குது. கழட்டி எறியறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் நானும் இதோட மல்லுக்கட்டினவன்தான்.

கட்லஸ்86

ரெண்டு வாரம் கழிச்சு வரேன், மன்னிக்கணும்.

கார்ப் நம்பர் 17086ல்தான் தொடங்குது, நிம்மதி. மொதல்ல 35 டாலர் சரக்கையே வாங்கினேன், மனசு கேக்கல. ராமு சார் சொன்ன மேசை டெஸ்ட் பண்ணேன், ஓம் எல்லாம் வழுக்கிட்டு ஏறுது, ஆனா பிளஞ்சரை விட்டா மூணு தடவைக்கு ஒரு தடவை பாதில நின்னு யோசிக்குது. என் பழசு தேஞ்சதா இருந்தாலும் துள்ளி எழுந்துக்குது, புதுசு சோம்பேறி. திருப்பி அனுப்பிட்டேன், காசும் வந்துடுச்சு. அப்புறம் பழைய ஸ்டாக் 110க்கு வாங்கினேன், டப்பால தூசி, உள்ள இருக்கறது பளபள. இருபது தடவை அழுத்திப் பாத்தேன், சமத்து.

சனிக்கிழமை காலைல 8 மணிக்கு ஆரம்பிச்சேன். பெரியவர் ஐயா சொல்லலைன்னா அந்த ஒளிஞ்ச ரெண்டு ஸ்க்ரூவை நான் பாத்திருக்கவே மாட்டேன், அதுல ஒண்ணு துணி மேலதான் விழுந்துச்சு. குச்சி உண்மையாவே பிசின் புடிச்சு பழுப்பா இருந்துச்சு, கிளீனர்ல ஊற வச்சு தொடச்சேன். ஃப்ளோட்டை பொண்ணோட சமையல் தராசுல வச்சேன், புதுசை விட 3 கிராம் கூட, அதையும் மாத்திட்டேன். தராசை கழுவி வச்சுட்டேன், யாரும் சொல்லிடாதீங்க. ஸ்பிரிங் பறக்கல அண்ணே, ஒரு காந்தத்தை பக்கத்துலயே வச்சிருந்தேன்.

புது சென்சார் மாட்டினதும் வோல்டேஜ் 0.58ன்னு இருந்துச்சு, டயஃப்ரத்தை பம்ப்ல இழுத்துட்டுதான் அளந்தேன். அப்ப வேற வழியில்லாம அந்த அலுமினிய மூடியை 2 மில்லிமீட்டர் பிட் போட்டு மேலாக்க ஒரு ஓட்டை போட்டு, சின்ன ஸ்க்ரூவை முறுக்கி இழுத்து எடுத்தேன். உள்ள ஸ்க்ரூவை கால் கால் சுத்தா திருப்பி மேனுவல் சொன்ன எடத்துக்கு கொண்டு வந்தாச்சு. முழு மிதில 4.4.

ஓட்டிப் பாத்தேன். 45ல காலை வச்சேன், நின்னுது. அப்படியே நின்னுது. ஆறு மைல் போயிட்டேன், ஒரு இழுவை இல்ல. சிக்னல்ல இருந்து கெளம்பறது மட்டும் இன்னும் லேசா தயங்குது, முன்ன மாதிரி இல்ல, பத்துல ரெண்டு. பெட்ரோல் பீச்சற பம்ப்போட கப்பை நான் பழசையே போட்டுட்டேன், அதுவா இருக்குமா? டுவெல் 33, 34ல ஆடுது.

ஸ்மாக் டெஸ்ட் அடுத்த வியாழன். டைனோ (நின்ன எடத்துலயே சக்கரம் சுத்தற உருளை மெஷின்) மேல ஏத்தி 15 மைல்லயும் 25 மைல்லயும் ஓட விடுவாங்களாம்.

கோவை_பெரியவர்

பம்ப் கப்பேதானுங்க. தெறந்தப்பவே மாத்தியிருக்கோணும், நான்தான் சொல்ல மறந்துட்டேன். பழைய ரப்பர் கப்பு காஞ்சு சுருங்கிரும், மிதிச்ச ஒடனே பீச்சற பெட்ரோல் கொறஞ்சு போயிரும். எஞ்சின நிறுத்திப்போட்டு, சோக் தகட்டத் தெறந்து புடிச்சுட்டு கையில த்ராட்டில இழுத்துப் பாருங்க, ரெண்டு பக்கமும் கம்பி மாதிரி நேரா பீச்சோணும். சொட்டினா கப்புதான். அந்த ஸ்க்ரூ ரெண்டும் எங்க இருக்குன்னு இப்பத்தான் தெரியுமே, அரை மணி நேர வேலைங்க.

கட்லஸ்86

பாத்தேன் ஐயா. ஒரு பக்கம் கம்பி, ஒரு பக்கம் சொட்டு. கப் ஆர்டர் போட்டாச்சு, புதன்கிழமை வருதாம், வியாழன் டெஸ்ட். துணியை எடுத்து வச்சிட்டேன்.